ஒளியால் எழுதுதல்

நுழையும்முன்

திறன்பேசி வைத்திருக்கும் எவரும் இன்று ஒளிப்படம் எடுக்கலாம். திரையைத் தொட்ட கணத்தில் படம் கிடைத்துவிடுவதால், அதன்பின் நிகழும் அறிவியல் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு படத்தின்போதும் கருவி எத்தனையோ முடிவுகளைத் தானாகவே எடுக்கிறது. அம்முடிவுகள் யாவை, அவற்றை எவ்வாறு மாற்றலாம், எப்போது மாற்ற வேண்டும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தரமணியில் இரு நிறுவனங்கள்

தென்சென்னையிலுள்ள தரமணியில் கல்விக்கூடங்களும் ஆய்வு நிறுவனங்களும் மென்பொருள் அலுவலகங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இங்குதான் இயங்குகிறது. 1945ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், இந்தியாவில் திரைப்படத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் பழமையான நிறுவனங்களுள் ஒன்று. ஒளிப்பதிவாளர்கள் பி.சி. ஸ்ரீராம், ராஜீவ் மேனன் ஆகியோர் இங்குப் பயின்றவர்கள். ஒளியை எங்கே விழச் செய்வது, எங்கே விலக்குவது, எவ்வளவு போதும் என்பதே ஒளிப்பதிவு மாணவர்கள் கற்கும் முதற்பாடம்.

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தரமணியில் உள்ளது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் திரட்டிய நூல்கள், இதழ்கள், நாடக விளம்பரத் தாள்கள் முதலியவற்றை அடித்தளமாகக் கொண்டு 1994ஆம் ஆண்டில் இந்நூலகம் உருவானது. தொட்டால் உதிரும் பழைய தாள்களின் உள்ளடக்கம் நுண்படச் சுருள்களிலும் எண்ணிமக் கோப்புகளிலும் படமாகப் பதிந்து காக்கப்படுகிறது.

ஒளிப்படத்தின் இருவேறு பணிகளை இவ்விரு நிறுவனங்களிலும் காணலாம். ஒன்று, காண்போர் உள்ளத்தில் உணர்வை எழுப்புவது; மற்றொன்று, உள்ளதை உள்ளபடி பதிந்து சான்றாக நிற்பது. இரு பணிகளுக்கும் இன்று கையில் இருப்பது ஒரே திறன்பேசிதான். பாட்டியின் முகத்தைப் படமெடுக்கும் அதே கருவியால்தான் பாட்டனார் எழுதிய கணக்கேட்டையும் ஒரு மாணவர் படமெடுக்கிறார். முன்னதற்குப் பொருந்தும் அமைப்பு பின்னதற்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே கருவியின் அமைப்புகளை அறிந்து மாற்றக் கற்பது தேவையாகிறது.

தாளிலிருந்து உணரிக்கு

தமிழகத்தில் ஒளிப்படத்தின் வரலாறு ஏறத்தாழ 170 ஆண்டுகள் பழமையுடையது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களைப் படமெடுத்தார். மெழுகூட்டிய தாள்களில் வேதிப்பொருளைப் பூசி, அவற்றையே படச்சுருளுக்கு ஈடாகப் பயன்படுத்தினார். ஒரு படம் பதிவதற்குக் கருவி அசையாமல் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது.

1975ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ஸ்டீவன் சாசன், படச்சுருளே இல்லாத எண்ணிமக் கருவியை உருவாக்கினார். பத்தாயிரம் படப்புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 நொடிகள் ஆயின. இன்று சாதாரணத் திறன்பேசியின் ஒரு படத்தில் 1.2 கோடி படப்புள்ளிகள் உள்ளன. கிடைமட்டத்தில் 4000, செங்குத்தில் 3000 எனப் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும்.

திறன்பேசியின் உள்ளே படச்சுருளுக்குப் பதிலாக இருப்பது உணரி எனப்படும் சிலிக்கான் சில்லு. பெரும்பாலான திறன்பேசிகளில் இது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இதன் படப்புள்ளிகள் ஒளியின் அளவை மட்டுமே அறியும்; வண்ணத்தை அறியா. எனவே ஒவ்வொரு புள்ளியின்மீதும் ஒரு வண்ணத் தடுப்பு பொருத்தப்படுகிறது. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் உரியவை. 1976ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு, அதனை வகுத்த பிரைஸ் பேயரின் பெயரால் வழங்குகிறது. விடுபட்ட வண்ணங்களைக் கருவி அண்டைப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு நிரப்புகிறது. ஆக, திரையில் தோன்றும் எந்த வண்ணப் படமும் ஓரளவு கணக்கீட்டின் விளைவே.

ஒளியை ஆளும் மூன்று வழிகள்

உணரியில் பதியும் படத்தின் ஒளியளவை மூன்று கூறுகள் முடிவு செய்கின்றன: துளை, நேரம், உணர்திறன்.

துளை என்பது வில்லையின் வழியே ஒளி புகும் வாயிலின் அகலம். பெரிய ஒளிப்படக் கருவிகளில் இதனைச் சுருக்கவும் விரிக்கவும் இயலும். பெரும்பாலான திறன்பேசிகளில் இது மாறாத அளவில் அமைந்திருப்பதால், எஞ்சிய இரண்டையே எடுப்பவர் ஆள முடியும்.

நேரம் என்பது உணரி ஒளியை ஏற்கும் கால அளவு. தரமணி நிலையத்துக்குள் ஒரு தொடர்வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் விரைவில் நுழைவதாகக் கொள்வோம். அது ஒரு நொடியில் 10 மீட்டர் நகரும். ஒளியேற்கும் நேரம் ஐம்பதில் ஒரு நொடி எனில், அதற்குள் வண்டி 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் அது கலங்கிய கோடாகத் தெரியும். நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடியாகக் குறைத்தால் வண்டி நகர்வது ஒரு சென்டிமீட்டர் மட்டுமே. அதன் பெயர்ப்பலகையைக்கூடப் படிக்கலாம். விளையாட்டு, பறவை, ஓடும் குழந்தை ஆகியவற்றுக்குக் குறுகிய நேரம் வேண்டும். அசையாத பொருளுக்கு நீண்ட நேரம் கொடுக்கலாம்; அப்போது கை நடுக்கமும் படத்தில் பதியும் என்பதால், கருவியைச் சுவரிலோ மேசையிலோ சார்த்திக்கொள்வது நலம்.

உணர்திறன் ஐ.எஸ்.ஓ. என்னும் எண்ணால் குறிக்கப்படுகிறது. இவ்வெண்ணை 100இலிருந்து 200ஆக உயர்த்தினால் படம் இருமடங்கு ஒளி பெற்றதுபோல் தோன்றும். உண்மையில் புதிதாக ஒளி எதுவும் வருவதில்லை. பதிந்த சிறிதளவு குறிப்பையே கருவி பெருக்கிக் காட்டுகிறது. குறிப்போடு பிழையும் பெருகுவதால், இருளில் எடுத்த படங்களில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றுகின்றன. எனவே ஒளி போதுமான இடத்தில் இவ்வெண்ணை இயன்றவரை குறைவாக வைப்பதே முறை.

திறன்பேசியின் கேமரா செயலியில் 'புரோ' என்னும் பயன்முறை இருந்தால், நேரத்தையும் ஐ.எஸ்.ஓ. எண்ணையும் தனித்தனியே மாற்றலாம். அத்தகைய பயன்முறை இல்லாத கருவியிலும் ஒளியளவை மாற்ற வழியுண்டு. திரையில் ஓரிடத்தைத் தொட்டதும் பெரும்பாலான கருவிகளில் சூரியக் குறி தோன்றும். அதனை மேலே நகர்த்தினால் படம் ஒளிரும். கீழே நகர்த்தினால் இருளும். தொட்ட இடத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால் குவிப்பும் ஒளியளவும் மாறாமல் பூட்டிக்கொள்ளும்.

கருமையும் வெண்மையும்

ஒளியளவைத் தானாக முடிவு செய்யும்போது, காட்சியின் சராசரி ஒளி நடுத்தரச் சாம்பல் நிறத்தை ஒத்திருக்கும் என்றே கருவி அடிப்படையில் கொள்கிறது. தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டை எதிரொளிக்கும் சாம்பல் நிறமே ஒளிப்படக் கலையில் நெடுங்காலமாக அளவுகோலாக உள்ளது. கருங்கற் சிற்பம் சட்டகத்தை நிறைத்தால், கருவி அதனைச் சாம்பலாக வெளுக்கச் செய்யும். வெள்ளை வேட்டி சட்டகத்தை நிறைத்தால் அதனையும் சாம்பலாக மங்கச் செய்யும். கருமை கருமையாகவே தெரியச் சூரியக் குறியைக் கீழேயும், வெண்மை வெண்மையாகவே தெரிய அதனை மேலேயும் நகர்த்த வேண்டும்.

இவ்விதி மனித முகத்துக்கும் பொருந்தும். கருநிறம் உடைய ஒருவரின் முகம் சட்டகத்தை நிறைக்கையில் கருவி அதனை வெளிறச் செய்கிறது. அவரே வெண்சீருடையில் சாளரத்தின் முன் நிற்கையில் முகம் அடையாளம் தெரியாமல் இருண்டுபோகிறது. முகத்தைத் தொட்டு ஒளியளவைத் திருத்துவதும், சாளரத்தை முதுகுப்புறமாக வைக்காமல் பக்கவாட்டில் அமைவதும் இதற்குரிய தீர்வுகள்.

இங்கு வெறும் தொழில்நுட்பத்துக்கு அப்பாற்பட்ட வரலாறும் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களில் வண்ணத்தைச் சரிபார்க்க 'ஷெர்லி அட்டை' எனப்பட்ட மாதிரிப் படம் பயன்பட்டது. அதில் இருந்தவர் வெள்ளைத்தோல் உடைய பெண். அவருடைய நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி எனக் கொள்ளப்பட்டது. பிற நிறத்தவரின் முகங்கள் விவரம் இழந்தன. பின்னாளில் பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டைகள் வந்தன. அண்மைக் காலத்தில் திறன்பேசி நிறுவனங்கள் சிலவும் கருநிறத் தோலை உள்ளபடி காட்டுவதற்கெனத் தம் மென்பொருளைத் திருத்தி வருகின்றன.

எனினும் பல கருவிகளில் 'அழகூட்டல்' என்னும் வசதி உள்ளது. சில கருவிகளில் அது வாங்கும்போதே இயங்கும் நிலையில் இருக்கிறது. தோலை வழவழப்பாக்கி, வெளுக்கச் செய்து, முகத்தின் வடிவையும் இவ்வசதி சிறிது மாற்றிவிடும். ஒருவர் தம் உண்மையான முகத்தைத் தம் படத்திலேயே காண முடியாமற் போவது சிறிய இழப்பன்று. கேமரா அமைப்புகளுக்குள் சென்று இதன் அளவைச் சுழியாக்கிப் பார்த்தால், கருவி இதுவரை என்ன செய்துவந்தது என்பது விளங்கும்.

நிழலும் இருளும் குறைகள் அல்ல என்பதற்குத் திரைப்படத்திலேயே சான்று உண்டு. 1987ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாயகன்' திரைப்படத்தின் ஒளிப்பதிவுக்காகப் பி.சி. ஸ்ரீராம் தேசிய விருது பெற்றார். குறைந்த ஒளியிலும் நிழலிலும் முகங்களைக் காட்டிய முறையே அப்படத்தின் ஒளிப்பதிவில் பலராலும் போற்றப்பட்டது.

வண்ணத்தின் வெப்பநிலை

வெள்ளை எனத் தோன்றும் ஒளிகள் எல்லாம் ஒன்றல்ல. ஒளியின் நிறத்தைக் கெல்வின் அலகில் குறிப்பர். மெழுகுவத்தியின் ஒளி ஏறத்தாழ 1900, பழைய குண்டு விளக்கின் ஒளி 2700, நண்பகல் வெயில் 5500 கெல்வின் எனக் கொள்ளலாம். எண் குறையக் குறைய ஒளி செம்மஞ்சளாகும். கூடக் கூட நீலமாகும். மனித மூளை இவ்வேறுபாட்டைத் தானே ஈடுசெய்துகொள்வதால், விளக்கொளியிலும் தாள் வெள்ளையாகவே தெரிகிறது. கருவியில் அவ்வேலையைச் செய்வது வெண்சமநிலை என்னும் அமைப்பு.

தானியங்கு நிலையில் வெண்சமநிலை பெரும்பாலும் சரியாகவே இயங்கும். ஆயினும் கார்த்திகை விளக்கின் பொன்னிற ஒளியைப் பிழையெனக் கருதி அது வெளுத்துவிடக்கூடும். அப்போது புரோ பயன்முறையில் வெயிலுக்குரிய அமைப்பைத் தேர்ந்தால் பொன்னிறம் நிலைக்கும். அதற்கு மாறாக, துணியின் உண்மை நிறத்தையோ பழைய ஓவியத்தின் வண்ணத்தையோ பதிய வேண்டுமெனில், அதே ஒளியில் முதலில் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து, அது வெள்ளையாகத் தெரியும்வரை சமநிலையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சிறியவை எனத் தோன்றும் செயல்கள்

படம் மங்குவதற்கு மிகப் பொதுவான காரணம் வில்லையின்மீது படிந்த விரல்ரேகை. எடுக்கும் முன் மென்மையான பருத்தித் துணியால் துடைத்தாலே தெளிவு கூடும்.

அடுத்தது உருப்பெருக்கம். தனி வில்லை இல்லாத கருவியில் இரு விரல்களால் திரையை விரித்துக் காட்சியைப் பெரிதாக்குவது, படத்தின் ஓரங்களை வெட்டுவதற்கு ஒப்பானது. 1.2 கோடி புள்ளிகளில் இருமடங்கு பெருக்கத்துக்குப் பின் 30 இலட்சமும், நான்கு மடங்குக்குப் பின் 7.5 இலட்சமுமே எஞ்சும். மீதியைக் கருவி கணித்து நிரப்புகிறது. இயன்ற இடங்களில் இரண்டடி முன்னே நடப்பதே சிறந்த உருப்பெருக்கம்.

கேமரா அமைப்புகளில் உள்ள கட்டக்கோடுகளை இயக்கினால் திரை ஒன்பது கட்டங்களாகப் பிரியும். கடற்கரையின் அடிவானம் சாயாமல் இருக்கவும் கோபுரம் நிமிர்ந்து நிற்கவும் இக்கோடுகள் துணைபுரியும். முதன்மைப் பொருளை நடுவில் வைக்காமல், கோடுகள் சந்திக்கும் புள்ளிகளுள் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். இது கட்டாய விதியன்று. நேர் எதிரே நின்று எடுக்கும் கோபுரத்துக்கு நடுவிடமே பொருத்தம்.

தெரிந்து தெளிவோம்

சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) இந்தியக் காட்டுயிர் ஒளிப்படத்தின் முன்னோடிகளுள் ஒருவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே பொருத்தி அமைத்த கருவியைக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானைகளையும் பிற காட்டுயிர்களையும் படமெடுத்தார். விலங்கின் இயல்பை அறிந்து காத்திருந்து எடுத்தமையால் அப்படங்கள் இயற்கை ஆய்வுக்கும் பயன்பட்டன.

பல படங்கள் ஒரு படமாதல்

ஒரே தொடுதலில் திறன்பேசி பல படங்களை எடுத்து ஒன்றாக்குவதும் உண்டு. எச்.டி.ஆர். என்னும் வசதி, வெளிச்சமான வானத்துக்கு ஒன்றும் நிழலான மண்டபத்துக்கு ஒன்றுமாக வெவ்வேறு ஒளியளவில் எடுத்து இணைக்கிறது. இரவுப் பயன்முறை அடுத்தடுத்து எடுத்த பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறது. பிழைப்புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் தோன்றுவதால், ஒன்பது படங்களின் சராசரியில் அவை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். இந்த இரு வசதிகளும் அசையாத காட்சிக்கே ஏற்றவை. ஓடும் குழந்தையை இரவுப் பயன்முறையில் எடுத்தால் உருவம் கலங்கும்.

படங்களை இணைக்கும் கருத்து புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் நீண்டு செல்லும் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க இயலாதென உணர்ந்த டிரைப், பகுதி பகுதியாக எடுத்த 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். இன்று திறன்பேசியைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தி எடுக்கும் பனோரமாவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கல்வெட்டும் ஏடும்

ஊர்க்கோயிலின் கல்வெட்டு, வீட்டுப் பரணிலுள்ள ஓலைச்சுவடி, பழைய கைப்பிரதி ஆகியவற்றைப் பதிவதற்குத் திறன்பேசி பெருந்துணை. ஆனால் இங்கு அழகைவிடப் படிக்க முடிவதே இன்றியமையாதது.

கல்வெட்டின் எழுத்துகள் கல்லைக் குடைந்து வெட்டப்பட்டவை. திறன்பேசியின் மின்வெட்டொளி நேர் எதிரிலிருந்து விழுவதால், பள்ளங்களில் நிழல் இல்லாது எழுத்துகள் மறைந்துவிடும். ஒளி பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழுந்தால் ஒவ்வொரு கீறலிலும் நிழல் தங்கி எழுத்துத் துலங்கும். காலை அல்லது மாலை வெயில் சுவரை உரசிச் செல்லும் நேரம் ஏற்றது. நிழலான இடத்தில் மற்றொரு திறன்பேசியின் விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கலாம். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியோ எண்ணெயோ பூசுவது கல்லுக்குக் கேடு.

ஏட்டையும் தாளையும் சமதளத்தில் வைத்து, திறன்பேசியை அதற்கு இணையாகப் பிடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் செவ்வகம் சரிவகமாகிவிடும். சாளர வெளிச்சம் போதும், மின்வெட்டொளி வேண்டா. அருகே ஓர் அளவுகோலை வைத்தால் பொருளின் உண்மையான அளவும் பதிவாகும். முதலில் முழுப்பக்கம், பின்னர் பகுதிகள் எனும் வரிசையில் எடுத்து, கோப்புக்கு நாளும் இடமும் குறித்துப் பெயரிட வேண்டும்.

கருவி புகுத்தும் பிழை

2013ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணினி அறிஞர் ஒருவர், அலுவலகங்களில் பயன்படும் நகலெடுப்புப் பொறிகள் சில எண்களை மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதும் முறை அப்பொறிகளில் இருந்தது. அதனால் கட்டட வரைபடம் ஒன்றில் ஓர் அறையின் அளவு மாறி வேறோர் அறையின் அளவாகியது. வேறு தாள்களில் 6 என்பது 8 ஆகியது. படம் தெளிவாகவே இருந்ததால் பிழை எவர் கண்ணிலும் படவில்லை.

திறன்பேசியின் மென்பொருளும் மங்கிய கோடுகளைக் கூர்மையாக்குகிறது. விடுபட்டதைக் கணித்து நிரப்புகிறது. தேய்ந்த கல்வெட்டில் ஓர் எழுத்தின் கொம்பு கல்லிலேயே உள்ளதா, மென்பொருள் வரைந்ததா என ஐயம் எழுந்தால், அதைக்கொண்டு எழுதப்படும் வரலாறும் ஐயத்துக்கு உரியதாகும். ஆகவே சான்றாக நிற்க வேண்டிய படங்களுக்கு அழகூட்டலையும் வடிப்பான்களையும் செயற்கை நுண்ணறிவுத் திருத்தங்களையும் அணைத்துவிட வேண்டும். 'ரா' எனப்படும் திருத்தப்படாத கோப்பாகச் சேமிக்கும் வசதி இருப்பின் அதனையும் பயன்படுத்த வேண்டும். எத்திருத்தமாயினும் படியில் செய்து, மூலத்தைத் தொடாமல் வைத்திருப்பது ஆவணக் காப்பின் அடிப்படை நெறி.

படமும் பொறுப்பும்

படமெடுப்பவருக்குத் திறனோடு பொறுப்பும் வேண்டும். பிறரைப் படமெடுக்கும் முன் அவர்தம் இசைவைப் பெறுவதும், துயரில் இருப்போரின் மதிப்பைக் காப்பதும் கடமை. எடுத்த நாள், நேரம், கருவியின் அமைப்புகள் ஆகியவை படக்கோப்புக்குள்ளேயே பதிவாகின்றன. இருப்பிடக் குறிப்பு இயக்கத்தில் இருந்தால் எடுத்த இடமும் பதிவாகும். கல்வெட்டைப் பதிபவருக்கு அது பயன் தரும்; வீட்டில் எடுத்த படத்தைப் பலருக்கும் அனுப்புபவருக்கு அதுவே தீங்காகலாம். எனவே எப்போது இயக்குவது, எப்போது அணைப்பது என்பதை எடுப்பவரே தெரிவு செய்ய வேண்டும்.

தானியங்கு நிலை பெரும்பாலான நேரங்களில் போதுமானது. அது என்ன செய்கிறது என்பதை அறிந்தவரே எப்போது அது போதாது என்பதையும் அறிவார். இரவை இரவாகவும், கருங்கல்லைக் கருங்கல்லாகவும், பாட்டியின் முகத்தை அதன் நிறத்தோடும் சுருக்கங்களோடும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்கும் முடிவு அவர் விரல்நுனியில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. கறுப்புத் துணி, வெள்ளைத் துணி ஆகியவற்றைத் தானியங்கு நிலையிலும், ஒளியளவைத் திருத்தியும் படமெடுத்து, வேறுபாடுகளை ஒரு பத்தியில் எழுதுக.

2. உங்கள் ஊரிலுள்ள கல்வெட்டு ஒன்றைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று பொழுதுகளில் உரிய இசைவுடன் படமெடுத்து, எப்பொழுதில் மிகுதியான எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன என ஒப்பிடுக.

3. வீட்டிலுள்ள பழைய கடிதம் அல்லது கணக்கேட்டின் பக்கங்களை அளவுகோலுடன் படமெடுத்து, நாளும் இடமும் குறித்துப் பெயரிட்டுத் தொகுப்பாக்குக.

4. 'அழகூட்டப்பட்ட படம் உண்மையின் பதிவாகுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடல் நிகழ்த்துக.